வெள்ளம் விழுங்கிய மலைவழி

வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நீர் ஏறிய நாட்களையே எண்ணுகிறோம். நீர் வடிந்த பின்னர் தொடங்கும் துன்பத்தை அவ்வளவாக எண்ணுவதில்லை. வீடு தப்பியிருக்கலாம், உயிரும் தப்பியிருக்கலாம். ஆனால் வெளியுலகுக்குச் செல்லும் வழி அறுந்துபோயிருந்தால், தப்பியவனும் சிறைப்பட்டவனே. அரிசி ஏறி வராது. நோயாளி இறங்கிப் போக இயலாது. ஊருக்குச் சென்ற மகன் திரும்பி வர வழியிராது. ஆகவே அறுந்த பாதையை மீண்டும் அமைத்தல், வெள்ளத்தின் வரலாற்றில் கடைசி ஏடன்று. தனித்ததோர் அதிகாரம் ஆகும். நூறாண்டுகளுக்கு முன் மூணாற்றில் நிகழ்ந்ததை இக்கண்கொண்டு சற்றே நோக்குவோம்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. இவற்றின் நீர் இறுதியில் பெரியாற்றில் சேர்கிறது. திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருந்த இம்மலைநாட்டில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தோட்டங்களைத் தொடங்கினர். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளோ பெரும்பாலும் தமிழர் கைகள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்கள், போடிநாயக்கனூர் வழியாகக் கொட்டகுடி, குரங்கணி கடந்து, கால்நடையாகவே மலையேறினர். அவர்களோடு அவர்களது விசுவாசமும் ஏறிற்று. ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைக் குருவான அல்போன்ஸ் அடிகளார் 1898-இல் தொடங்கிய கார்மேல் அன்னை ஆலயம், 2024-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம்.

அக்காலத்து மூணாற்றுக்கு முக்கியமான வழிகள் இரண்டு. மேற்கே, ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், தட்டேக்காடு, பூயம்குட்டி, மாங்குளம் வழியாகக் காட்டாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறிவந்த சாலை ஒன்று. கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் வழி மற்றொன்று. அவ்வழியில் 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டிகள் ஓடின. 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு இரயில் பாதையாக மாற்றப்பட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் எனப்பட்ட அதில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை செல்லும்; அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும்; பின்பு மாட்டுவண்டியில் போடிக்குப் போகும். நெல் விளையாத அம்மலையில், உண்ணும் அரிசி ஒவ்வொரு படியும் கீழிருந்தே வரவேண்டும். வழிதான் அம்மக்களின் களஞ்சியம்.

1924-ஆம் ஆண்டு ஜூலை நடுவில் மழை தொடங்கிற்று. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால், கேரள மக்கள் இன்றும் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே நினைவுகூர்வர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் மழை விடவில்லை. அந்த ஜூலையில் மூணாற்றில் பெய்த மழை 485 சென்டிமீட்டர் என்று குறிக்கப்படுகிறது. சரிந்த மண்ணும் மரங்களும் ஆற்றை மறித்துத் தேக்கின. தேக்கம் உடைந்தபோது நீர் ஊரின்மேல் பாய்ந்தது. சிறு இரயில் பாதை முற்றிலும் அழிந்தது. மேற்குச் சாலையிலோ கரிந்திரி மலையே சரிந்து, அதன் உடலில் வெட்டப்பட்டிருந்த பாதையையும் தன்னோடு கொண்டுபோயிற்று. கிழக்கும் மேற்கும் ஒருங்கே அடைபட்ட ஊராய் மூணாறு நின்றது.

அரசுக்கும் அது சோதனைக் காலமாயிருந்தது. வெள்ளத்தின் சேறு காயுமுன்னரே, ஆகஸ்டு 7-ஆம் நாள், மன்னர் மூலம் திருநாள் காலமானார். அடுத்த மன்னர் சிறுவராயிருந்தமையால், செப்டம்பரில் சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பேற்றார். அறுந்த மலைவழி அவரது ஆட்சிக்கு எஞ்சிய கடன்களுள் ஒன்றாயிற்று.

ஈண்டு ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழைய வழியைப் பழையபடியே ஒட்டவைக்க அவர்கள் முற்படவில்லை. சரிந்த மலையை மீண்டும் நிறுத்த எவராலும் இயலாது. ஆகவே வேறொரு தடம் தேர்ந்துகொள்ளப்பட்டது. கோதமங்கலத்திலிருந்து நேரியமங்கலம் வந்து, அங்கே பெரியாற்றைக் கடந்து, சீயப்பாறை, வாளறை அருவிகளின் பக்கமாய் ஏறி, அடிமாலி, பள்ளிவாசல் வழியாக மூணாறு சேரும் வழி அது. 1931-இல், தம் ஆட்சிப் பொறுப்பு முடியவிருந்த வேளையில், அவ்வரசியே அதனைத் திறந்துவைத்தார். அதன் நினைவாக நேரியமங்கலத்துக்கு அருகே நிற்கும் கல்லை மக்கள் 'ராணிக்கல்' என்றே அழைக்கின்றனர்.

சாலை வந்தும் பெரியாறு குறுக்கே கிடந்தது. ஓடத்தை நம்பியே அதனைக் கடக்க வேண்டியிருந்தது. 1935-இல் ஐந்து வளைவுகளோடு 214 மீட்டர் நீளத்தில் நேரியமங்கலம் பாலம் எழுந்தது. இளைய மன்னர் சித்திரைத் திருநாள் அதனைத் திறந்துவைத்தார். ஆக, ஒரு திங்களில் அழிந்த வழி முழுமை பெறப் பதினோர் ஆண்டுகள் சென்றன. இரயிலோ மீண்டும் வரவேயில்லை.

இப்புதிய வழியால் விளைந்த நன்மைகள் பல. 1940-இல் பள்ளிவாசலில் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது இச்சாலை செல்லும் வட்டாரத்திலேதான். இன்று கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகவும் அது விளங்குகிறது. பாலமோ, 2018-இன் பெருவெள்ளத்தையும் தாங்கி நின்றது.

ஆயினும் வரலாற்றில் நன்மை எவருக்கும் முழுமையாய் வருவதில்லை. புதிய தடம் திறந்தபோது, பழைய தடத்தின் ஓரத்து ஊர்கள் வழியற்ற ஊர்களாயின. பூயம்குட்டிக்கு அப்பால் அந்தச் சாலை காட்டுக்குள் மறைந்தது. வனத்துறைக்கும் மக்களுக்கும் இடையே அதன் வழக்கு இன்னும் தீரவில்லை. அதனைத் திறக்க வேண்டும் என்னும் குரல் 2025-ஆம் ஆண்டிலும் உரத்து எழுந்தது. யானைக்கும் காட்டுக்கும் உரிய இடம் அது என்பாரின் நியாயத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு பாதையை வேறிடத்தில் அமைக்கும்போது, விடுபட்டுப்போகிறவர் யார் எனக் கேட்க வேண்டியதை மறந்தால், அக்கேள்வி நூறாண்டு கழித்தும் நம் வாயிலில் வந்து நிற்கும் என்பதற்கு இது சான்று.

இது பழங்கதை மட்டுமன்று. 2018 ஆகஸ்டில், மூணாற்றிலிருந்து மறையூர், உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் வழியில் பெரியவாரைப் பாலம் இடிந்தது. அவ்விடத்தில் போட்ட தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. நிலையான பாலத்துக்கு ஈராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. போடிமெட்டுப் பக்கம், அகலமான சாலைக்காக மலையை வெட்டிய கேப் சாலைப் பகுதியில், 2019-இலும் 2020-இலும் பெருஞ்சரிவுகள் நேர்ந்தன. கரிந்திரி மலை கற்பித்த பாடத்தை நாம் கற்கவில்லையோ என்னும் ஐயம் எழுகிறது. மலையைக் கேளாமல் வெட்டிய வழியை மலையே திரும்ப எடுத்துக்கொள்கிறது.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மீது மலை சரிந்தது. எழுபது பேர் மாண்டனர். கயத்தாறு வட்டாரத்தில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அவ்விரவில், அழுகுரல் அப்பள்ளத்தாக்கைத் தாண்டவில்லை. விடிந்த பின்னரே வெளியுலகம் அறிந்தது. மீட்போர் சேர்ந்தது அதன் பின்னரே. வழியும் செய்தியும் அறுந்த இடத்தில் ஓர் இரவு எவ்வளவு நீளமானது என்பதை, மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தோர் எவரேனும் உண்டெனின் அவரே அறிவர்.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? வழியைச் சீரமைத்தல் பொறியாளரின் வேலை மட்டுமன்று. அது ஒரு சமூகத்தின் மனச்சான்று செய்யும் வேலை. முதலில் எந்த வழியைத் திறப்பது, யாருடைய பாலத்துக்கு ஓராண்டு, யாருடைய பாலத்துக்குப் பதினோர் ஆண்டு என்று முடிவு செய்யும்போது, எவருடைய உயிர் எவ்வளவு பெறும் என்றும் நாம் முடிவு செய்துவிடுகிறோம். பெட்டிகள் இறங்க வழி உண்டாயின், ஆட்கள் ஏறவும் இறங்கவும் வழி இருத்தல் வேண்டும். சுற்றுலா வண்டிக்குச் சாலை உண்டாயின், லயத்துக் கர்ப்பிணிக்கும் அது எட்டுதல் வேண்டும். மலைமேல் கடைசி வரிசையில் உள்ள வீட்டு வாயில்வரை சென்று சேராத சாலையை, திறப்புவிழாக் கண்டதென்பதால் மட்டும், முடிந்த சாலை என்று நாம் சொல்லலாகாது.

பதினோர் ஆண்டுகள் ஒரு வழிக்காக உழைத்தவர்களுள் அரசர்களின் பெயர்களே கல்லில் நிற்கின்றன. பாறை உடைத்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், ஆற்றில் இறங்கி அடித்தளமிட்டவர் பெயர்கள் எங்கும் இல்லை. நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடக்கும் ஒவ்வொருவரும் அறியாமலே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். வழியற்றுக் கிடக்கும் எவருக்கேனும் ஒரு வழி திறப்பதே அக்கடனை அடைக்கும் முறை.