மறையும் கட்டில்



பொழுது சாய்ந்தபின் விருந்தினர் ஒருவர் பெட்டியுடன் வாயிலில் வந்து நிற்கிறார். உணவளிப்பது பெரிய காரியமன்று. உலையில் ஒரு சுண்டு அரிசி கூட்டிப் போட்டாற் போதும். அவரை எங்கே படுக்க வைப்பது? யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இவ்வினாவுக்கு விடை எளிது. திண்ணையுண்டு, விறாந்தையுண்டு; பனையோலைப் பாயொன்றும் தலையணையொன்றும் எடுத்துக் கொடுப்பர். விடிந்ததும் பாய் சுருண்டு மூலைக்குப் போய்விடும். கட்டிலோ சுருளாது. கட்டிலிலே துயிலும் வழக்கமுடைய மக்கள், ஓரறையையே வீடாகக் கொண்டு வாழ நேர்ந்தபோது என்ன செய்தனர் என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் நகரங்கள் விரைந்து பெருகின. தொழில் தேடி வந்தோர் சிறு வாடகை வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஒரு கட்டிலை இட்டுவிட்டால் நடமாட இடமிராது. வருபவரை அக்கட்டிலின் விளிம்பிலேயே இருத்த வேண்டும். சிக்காகோ நகரில் தளபாடக் கடை நடத்திவந்த சாரா குட் என்னும் கறுப்பினப் பெண்மணி இதற்கொரு வழி கண்டார். அவர் அமைத்த கட்டில், மடித்தால் எழுதுமேசையாக நிற்கும், விரித்தால் படுக்கையாகும். மடியும் பகுதிகளின் பாரத்தைச் சமன்செய்து, எளிதில் உயர்த்தவும் தாழ்த்தவும் அவர் வகைசெய்தமையே இதிற் சிறப்பு என்பேன். வீட்டுக்காரி மூச்சிரைக்கக் கட்டிலோடு போராடினால் விருந்தினருக்கு உறக்கம் வருமா? 1885 யூலை 14ஆம் நாள் அவருக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து அப்போது 20 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்நாட்டில் ஆக்கவுரிமை பெற்ற முதற் கறுப்பினப் பெண்கள் சிலருள் அவரும் ஒருவர்.

எனினும் உலகம் அறிந்த பெயர் வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் ஓரறை வீட்டில் வாழ்ந்த வில்லியம் லோரன்ஸ் மேர்பி என்பவர், இசைநாடகப் பாடகி ஒருவரை விரும்பினாராம். ஆடவனின் படுக்கையறைக்குள் நற்குடிப் பெண் காலெடுத்து வைத்தல் அக்காலத்தில் இழுக்கு. ஆகவே கட்டிலை நிமிர்த்திச் சுவரின் உள்ளறைக்குள் மறைத்து, படுக்கையறையை வரவேற்பறையாக்கினார் என்பது வழிவழி வந்த கதை. கதை எவ்வாறாயினும் கட்டில் மெய்யானது. 1906 ஏப்ரில் 18ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த பெருந்தீயும் அந்நகரில் 200,000 பேருக்கு மேற்பட்டோரை வீடற்றோராக்கின. மீண்டும் எழுந்த நகரில் தொடர்மாடி வீடுகள் பெருகின. அவற்றிலே சுவர்க்கட்டிலும் இடம்பிடித்தது.

சார்லி சாப்ளின் 1916இல் நடித்த குறும்படமொன்றில், குடிமயக்கத்தில் வீடு திரும்பும் கனவானை இத்தகைய கட்டிலொன்று படாதபாடு படுத்துகிறது. ஈற்றில் அவர் குளியல் தொட்டியிலே துயில்கொள்கிறார்! மக்கள் நகைத்தனர், கட்டிலை வாங்கவுஞ் செய்தனர்.

சுவரில் இடமில்லாத வீடுகளும் இருந்தன. சிசிலித் தீவிலிருந்து குடியேறிய பேர்னாட் காஸ்ட்ரோ, 1931இல் நியூயோர்க்கில் தம் தொழிலகத்தைத் தொடங்கி, கட்டிலாக விரியும் சோபாக்களைச் செய்து விற்றார். 1948இல் தொலைக்காட்சி விளம்பரத்தில் அவருடைய 4 வயது மகளே சோபாவைக் கட்டிலாக விரித்துக் காட்டினாள். பகலெல்லாம் தாம் அமர்ந்து பேசிய இருக்கையிலேயே விருந்தினர் இரவிலும் படுக்கலாயினர்.

மேர்பியின் பெயர் நாவில் அவ்வளவு பழகிப்போனதால், 1989இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, ‘மேர்பி கட்டில்’ என்பது பொதுச்சொல்லாகிவிட்டது எனத் தீர்ப்பளித்தது. அப்பெயர் தமக்கே உரியதென்ற அவருடைய நிறுவனத்தாரின் வாதம் எடுபடவில்லை. சாரா குட்டின் பெயரோ கட்டிலோடு ஒட்டவில்லை. 2012இல் சிக்காகோவில் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியொன்று அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.