பன்மை போல் தோன்றும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களும் முன்னடைகளும்

பன்மை போல் தோன்றும் பெயர்ச்சொற்கள் என்பவை, 'எஸ்' எழுத்தில் முடிந்து பன்மை போலக் காட்சியளித்தாலும் வழக்கமான ஒருமை, பன்மை விதிக்குள் அடங்காத ஆங்கிலச் சொற்கள் ஆகும். நியூஸ் (செய்தி), சீரீஸ் (தொடர்), சிசர்ஸ் (கத்தரிக்கோல்) ஆகியன எடுத்துக்காட்டுகள். இவற்றின் முன் 'ஆர்ட்டிக்கிள்' எனப்படும் முன்னடைகளை இடுவதில் ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவதுண்டு. முன்னடையைத் தீர்மானிப்பது சொல்லின் ஈற்றெழுத்து அன்று. அச்சொல் எண்ணத்தக்கதா, ஒருமையாக வருமா என்பதே ஆகும்.

முன்னடைகள்

ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்' ஆகியவை வரையறா முன்னடைகள். இவை எண்ணத்தக்க ஒருமைப் பெயரின் முன் மட்டுமே வரும். 'தி' என்பது வரையறு முன்னடை. இது ஒருமை, பன்மை, எண்ண இயலாப் பெயர் ஆகிய மூன்றின் முன்னும் வரக்கூடும். எனவே குழப்பம் பெரும்பாலும் 'எ', 'ஆன்' பற்றியதாகவே உள்ளது.

தமிழ் வழக்கின் தாக்கம்

தமிழில் இத்தகைய முன்னடைகள் இல்லை. 'ஒரு' என்னும் எண்ணுப் பெயரடை சில இடங்களில் அப்பணியைச் செய்கிறது. மேலும், தமிழ்ப் பேச்சில் கலந்த ஆங்கிலச் சொற்கள் ஈற்றெழுத்தை ஒரே சீராகக் கையாளவில்லை. 'ஒரு நியூஸ்', 'ஒரு சாக்ஸ்', 'ஒரு ஜீன்ஸ்' என்பவற்றில் ஈறு நிலைத்துள்ளது. 'பேன்ட்', 'கட்டிங் பிளேயர்' என்பவற்றில் அது உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலோ 'பேன்ட்ஸ்', 'பிளையர்ஸ்' என்பனவே முழு வடிவங்கள். ஆகவே தமிழில் 'ஒரு' என்று சொல்ல முடிவதால் மட்டும் ஆங்கிலத்தில் 'எ' வரும் என்று கொள்ள இயலாது.

வகைகள்

1. எண்ண இயலாத ஒருமை: நியூஸ், மேதமேட்டிக்ஸ், பிசிக்ஸ், எகனாமிக்ஸ், மீசில்ஸ் (தட்டம்மை), டயபட்டிஸ் (நீரிழிவு) முதலியன. இவை ஒருமை வினை கொள்ளும்; 'எ' ஏற்கா. ஒரு செய்தி எனக் கூற 'எ பீஸ் ஆஃப் நியூஸ்' அல்லது 'ஆன் ஐட்டம் ஆஃப் நியூஸ்' என்பர். குறிப்பிட்ட செய்தியாயின் 'தி நியூஸ்' எனலாம். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்பது புள்ளியியல் என்ற துறையைக் குறிக்கும்போது ஒருமை. புள்ளிவிவரங்களைக் குறிக்கும்போது பன்மை.

2. ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்: சீரீஸ், ஸ்பீசிஸ் (உயிரினம்), மீன்ஸ் (வழிமுறை), கிராஸ்ரோட்ஸ் (நாற்சந்தி), ஹெட்குவார்ட்டர்ஸ் (தலைமையிடம்) முதலியன. இவை ஒருமையில் 'எ' ஏற்கும். 'எ சீரீஸ்', 'டூ சீரீஸ்' என இரண்டும் சரியே. கிரிக்கெட்டில் 'ஆன் இன்னிங்ஸ்' என்பதும் இவ்வகையே; உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன்' வருகிறது. அமெரிக்க பேஸ்பால் வழக்கில் மட்டும் 'இன்னிங்' என்ற ஒருமை உண்டு.

3. இரட்டைப் பொருட்கள்: சிசர்ஸ், டிரவுசர்ஸ், ஸ்பெக்டக்கிள்ஸ் (மூக்குக் கண்ணாடி), பிளையர்ஸ் முதலியன. பொருள் ஒன்றேயாயினும் பன்மை வினை கொள்ளும். 'எ பேர் ஆஃப் சிசர்ஸ்' என்பது செந்தர வழக்கு.

4. பன்மை மட்டும்: குட்ஸ் (சரக்கு), கிளோத்ஸ் (உடைகள்), பிரமிசஸ் (வளாகம்), அவுட்ஸ்கர்ட்ஸ் (புறநகர்) முதலியன. 'எ' ஏற்கா, 'தி' ஏற்கும்.

5. ஈற்றெழுத்து சொல்லின் பகுதியாக அமைந்தவை: பஸ், லென்ஸ், அட்லஸ், வைரஸ் முதலியன. இவை இயல்பான ஒருமைச் சொற்கள். 'எ பஸ்', 'எ லென்ஸ்', 'ஆன் அட்லஸ்' என வரும்.

நன்னூல் ஒப்பீடு

இரண்டாம் வகை தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக வரும் சொற்களைப் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என வகுக்கிறது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என வினையைக் கொண்டே எண் அறியப்படுகிறது. 'சீரீஸ்', 'ஸ்பீசிஸ்' போன்ற சொற்களையும் அவ்வாறே அறியலாம்.

இடப்பெயர்கள்

மலைத்தொடர், தீவுக்கூட்டம் ஆகியவற்றின் பன்மைப் பெயர்கள் பொதுவாக 'தி' ஏற்கும். தமிழில் 'கல்வராயன் மலை' என ஒருமையில் வழங்கும் பெயர் ஆங்கிலத்தில் 'தி கல்வராயன் ஹில்ஸ்' எனப் பன்மையாகிறது. அம்மலை அடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலையும் 'தி ஈஸ்டர்ன் காட்ஸ்' எனப்படும். ஆயின் மணலூர்பேட்டை, கள்ளக்குறிச்சி போன்ற ஊர்ப்பெயர்கள் முன்னடை ஏற்கா. மொரீசியஸ் என்பதில் ஈற்றெழுத்து பெயரின் பகுதியாதலால் 'தி' வராது. 'தி மால்டீவ்ஸ்' (மாலைத்தீவுகள்) என்பதில் வரும்.

2019 ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 'கள்ளக்குறிச்சி ஒரு மாவட்டத் தலைமையிடம்' என்பதற்கு 'எ டிஸ்ட்ரிக்ட் ஹெட்குவார்ட்டர்ஸ்' என்றும், 'அம்மாவட்டத்தின் தலைமையிடம்' என்பதற்கு 'தி ஹெட்குவார்ட்டர்ஸ்' என்றும் எழுத வேண்டும்.

அடைமொழியாக வரும்போது

இச்சொற்கள் வேறொரு பெயருக்கு அடையாக வந்தால், முன்னடை இறுதிப் பெயருக்கே உரியது. 'குட்ஸ்' தனித்து 'எ' ஏற்காது. ஆனால் 'எ குட்ஸ் டிரெயின்' சரியானது, ஏனெனில் எண்ணப்படுவது வண்டியே. 'எ நியூஸ் சேனல்', 'ஆன் எகனாமிக்ஸ் ஸ்டூடன்ட்', 'எ கல்வராயன் ஹில்ஸ் வில்லேஜ்' என்பனவும் அவ்வாறே அமையும்.

வரலாறு

'நியூஸ்' என்பது 'நியூ' (புதிய) என்னும் சொல்லின் பன்மையாகத் தோன்றிப் பின்னர் ஒருமையாயிற்று. இதற்கு மாறாக, பட்டாணியைக் குறித்த 'பீஸ்' என்ற பழைய ஒருமைச் சொல்லை மக்கள் பன்மை எனக் கருதியதால் 'பீ' என்ற புதிய ஒருமை உருவாயிற்று. ஈற்றெழுத்தைக் கண்டு பன்மை என மயங்குவது ஆங்கிலேயரிடமும் இருந்துள்ளது என்பதை இது காட்டுகிறது.

எளிய சோதனை

சொல்லின் முன் 'ஒன்', 'டூ' என்னும் எண்களை இட்டுப் பார்க்கலாம். 'ஒன் சீரீஸ்' பொருந்துவதால் 'எ சீரீஸ்' பொருந்தும். 'ஒன் நியூஸ்', 'ஒன் சிசர்ஸ்' ஆகியவை செந்தர வழக்கில் பொருந்தாமையால் அவற்றின் முன் 'எ' வராது.