குருமாரின் இடக்கைப் பட்டை

மலேசியாவின் செபராங் ஜெயாவில் சிவப்புப் பிறை என்றதும் ஆம்புலன்ஸ்தான் நினைவுக்கு வரும். அதே சின்னம் பொறித்த துணிப்பட்டையைப் படையினரோடு போர்க்களம் செல்லும் சமயகுருவும் இடக்கையில் அணியலாம். அந்தப் பட்டை பிறந்தது 1864இல், முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில். காயம்பட்டோரைக் கவனிக்கும் மருத்துவர்களோடு படைக் குருமாரையும் தாக்கக் கூடாது என்றது அது. அப்போது வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை மட்டுமே. 1876இல் உஸ்மானியப் பேரரசு பிறையை எடுத்துக்கொண்டது. 1929இல் எழுதிய புதிய ஒப்பந்தத்தில் அதற்கும் சட்ட ஏற்பு கிடைத்தது.

காயம்பட்டோர் பற்றிய அந்த 1929 ஒப்பந்தத்தை ஜப்பானும் 1934இல் உறுதிசெய்திருந்தது. ஆனாலும் 1942 ஜனவரியில் ஜொகூரின் பாரிட் சூலோங்கில், நடக்க முடியாமல் விடப்பட்ட ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் ஏறத்தாழ 150 பேரை ஜப்பானியர் கொன்று தீர்த்தார்கள். சில நாள் கழித்து, அதே பத்து பஹாட் வட்டாரத்துச் செங்காராங்கில் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது, காயம்பட்டவர்களை விட்டுப் போக மனமின்றித் தங்கிவிட்டார் பாதிரியார் நோயல் டக்வொர்த். தப்பிக்க வழியிருந்தும் தங்கியவர் அவர். பிடிபட்டு, புடு சிறை, சாங்கி, கடைசியில் நம் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட சயாம் மரண ரயில்பாதை வரை போனார்.

போருக்குப் பின் 1949இல் எழுதிய ஜெனீவா ஒப்பந்தங்களில் பட்டையைப் பற்றி நுணுக்கமாகவே சொல்லியிருக்கிறார்கள். நனைந்தாலும் கெடாத துணி. ராணுவத்தின் முத்திரை. கூடவே சட்டைப்பைக்குள் அடங்கும் அடையாள அட்டை; அதில் புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை. எதிரி பிடித்தாலும் பட்டையைப் பறிக்கக் கூடாது. தொலைந்தால் மாற்றுப் பட்டை பெற உரிமையுண்டு. பிடிபட்ட குரு போர்க்கைதி ஆகமாட்டார். கைதிகளுக்குச் சமயப் பணி செய்ய வேண்டியிருக்கும்வரை மட்டுமே அவரை வைத்திருக்கலாம், வேறு வேலை வாங்கக் கூடாது. 1962இல் மலாயா இந்த ஒப்பந்தங்களில் சேர்ந்து, அதே ஆண்டு தனிச் சட்டமும் இயற்றியது. 1975இல் நம் செஞ்சிலுவைச் சங்கம் செம்பிறைச் சங்கமானது.

1949 ஒப்பந்தங்களில் முதலாவதின் 47ஆம் விதி, இச்சட்டத்தைக் கற்பிக்க வேண்டியவர்களில் குருமாரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. 2003இல் ரோமில் கத்தோலிக்கப் படைக் குருமாருக்குப் பயிற்சி தொடங்கியது. 2019இல் இலங்கையின் தம்புள்ளையில் பௌத்தமும் போர்ச் சட்டமும் பற்றிக் கூடிப் பேசினார்கள். இது அவசியமான படிப்பு. பட்டை கட்டிய கையால் ஒரு தோட்டாப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாலே பாதுகாப்பு பறிபோகலாம் என்பது குருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரணடைந்தவனைச் சுடத் துடிக்கும் இளைஞனிடம், "தம்பி, இது பாவம் மட்டுமில்ல, குற்றமும்கூட" என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

விதிகளை மனப்பாடம் செய்ய வைத்தால் இந்தத் துணிவு வராது. மலேசியப் படையின் சமயப் பிரிவான காகாட் அதிகாரிகளைப் பாரிட் சூலோங்குக்கும் செங்காராங்குக்கும் நேரே அழைத்துப் போய்ப் பாடம் நடத்தலாம். இரண்டும் ஒரே வட்டாரம். ஒரே நாளில் பார்த்துவிடலாம்.