ஹூவா, ஹூமா?

மக்களே, இங்கிலீஷ்ல எங்கே 'ஹூ' போடணும், எங்கே 'ஹூம்' போடணும்? இந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கு.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்திலும் தமிழ் மாதிரியே வேற்றுமைகள் உண்டு. யார் என்பதற்கு 'ஹ்வா', யாரை என்பதற்கு 'ஹ்வொனெ', யாருக்கு என்பதற்கு 'ஹ்வாம்'. போகப் போக பெயர்ச்சொற்களில் இந்த உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோச்சு. 'ஹ்வாம்' மட்டும் 'ஹூம்' ஆகி, யாரை, யாருக்கு ரெண்டு வேலையையும் பார்க்க ஆரம்பித்தது.

பெரிய இடத்திலேயே சறுக்கல் நடந்திருக்கு. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், தான் யார் என்று இயேசு சீடர்களைக் கேட்கும் இடத்தில் (மத்தேயு 16:15) 'ஹூம்' இருக்கும். 1881 திருத்தப் பதிப்பில் அதை 'ஹூ' ஆக்கிவிட்டார்கள். இன்னும் இருநூறு வருஷத்தில் பேச்சில் 'ஹூம்' காணாமல் போய்விடும் என்று மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1921-லேயே எழுதினார். பேச்சில் இப்பவே அபூர்வம்தான். எழுத்தில் இன்னும் உயிரோடு இருக்கு.

நமக்கு ஒரு சுலப வழி: தமிழில் கேட்டுப் பாருங்க. 'யார்' வந்தால் ஹூ. 'யாரை', 'யாருக்கு', 'யாரோடு' வந்தால் ஹூம். ஒரே எச்சரிக்கை: 'யாருக்குத் தெரியும்?' என்பதற்கு 'ஹூ நோஸ்'தான். அங்கே உருபை நம்பினால் கவிழ்த்துவிடும். தெரிந்துகொள்கிற ஆள்தான் அங்கே எழுவாய்!