கோம்பை நாய்: ஒரு காவல் இனத்தின் வரலாறு

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிகள், நான் வழக்கம்போல ஜைனிமேட்டுச் சந்திரநாதர் கோயிலைப் பற்றியோ வட்டெழுத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நாயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டார்கள். "சமணருக்கு வேட்டை நாய்கிட்ட என்ன சார் வேலை?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

ஏலக்காய் வியாபாரத்துக்காகப் பாலக்காட்டிலிருந்து போடிக்கும் குமுளிக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போய்வருகிறேன். அந்த வழியில் உத்தமபாளையத்தில் இறங்காமல் திரும்பியதில்லை. அங்கே திருக்குணகிரி என்னும் கருப்பணசாமி பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி முதலிய முனிவர் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அந்தப் பாறையைக் கும்பிட்டுவிட்டுச் சில மைல் மேற்கே போனால் கோம்பை. ஊருக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் இராமக்கல்மேடு தெரியும். அது இடுக்கி மாவட்டம். மலையின் தலை கேரளத்திலும் கால் தமிழ்நாட்டிலுமாக இருக்கிற அந்த எல்லையூரின் பெயரைத்தான் கோம்பை நாய் தாங்கி நிற்கிறது.

உருவமும் தொழிலும்

தென்தமிழ்நாட்டு நாயினங்களை எல்லாம் ஒரே கூடையில் போடுவது நம்மவர் வழக்கம். அது தவறு. கன்னியும் சிப்பிப்பாறையும் மெலிந்த உடல், நீண்ட கால் கொண்டவை. கரிசல் வெளியில் ஓடுகிற முயலைக் கண்ணால் கண்டு விரட்டப் பிறந்தவை. ராஜபாளையம் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட பெரிய நாய். கோம்பை இவற்றில் சேராது. செவலை நிறம், கருமூஞ்சி, குட்டை மயிர், அகன்ற நெஞ்சு, வலுத்த தாடை, மேல்நோக்கி வளைந்த வால். ஓட்டத்தைவிட எதிர்த்து நிற்பதற்கு ஏற்ற உடம்பு.

ஏன் அப்படி? கம்பம் பள்ளத்தாக்கு மாடுகளின் நாடு. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழு இன்றும் வழிபாட்டுக்குரிய இடம். மலைமாட்டுக் கிடைகள் மாதக்கணக்கில் காட்டில் தங்கும். இரவில் சிறுத்தையும் செந்நாயும் வரும். தோட்டத்துக்குப் பன்றி வரும். திருடனும் வருவான். அங்கே ஓட்டப்பந்தய நாய் உதவாது; கிடையை விட்டு அகலாத நாய் வேண்டும். இந்த நாய் பன்றி வேட்டைக்கும் போனது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் வேட்டை என்றோ ஒரு நாள். காவல் எல்லா நாளும். இதை எனக்குச் சொன்னவர் அவ்வூர்க் கிடைக்காரப் பெரியவர் ஒருவர். "வேட்டைக்கு மாசத்துல ஒரு நா போவும்யா. மிச்ச நாளெல்லாம் அது மாட்டுக்குத்தேன் பொறந்தது" என்றார்.

பழைய சான்றுகள்

தமிழர் நாயை இழிவாக நினைத்தார்கள் என்று சொல்வது அரைகுறைப் பேச்சு. ஞமலி, ஞாளி என்று சங்க நூல்கள் அதற்குப் பல பெயர் இட்டு அழைக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கப் போராடி விழுந்த வீரன் கருந்தேவகத்திக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய சமூகம் நம்முடையது. அக்கல் புகழ்வது காவலைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பாட்டி சொன்ன கதை இன்னொன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் வருவது. அந்தணருக்காக வைத்திருந்த உணவில் வாய் வைத்த நாயை அடித்துக் குற்றுயிராக்கிவிடுகிறார்கள். அவ்வழியே வந்த சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்த நாய் இறந்து சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. பிறகு சீவகனுக்கு ஆபத்து வந்தபோது அவனைத் தூக்கிச் சென்று காப்பாற்றுகிறது. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்துச் சமணர் வீடுகளில் மாடோ நாயோ சாகக் கிடந்தால் இன்றும் அதன் காதருகே மந்திரம் சொல்லும் பெரியவர்கள் உண்டு. சமணனுக்கு நாயிடம் வேலை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கண்காட்சியும் கணக்கேடும்

நாயை வரிசையில் நிறுத்திப் பரிசு கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1859-இல் நியூகாசில் நகரில் முதல் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. அவர்களிடம் டெரியர் என்றொரு வகை உண்டு. மண் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் பிடிக்கும் சிறு நாய்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு டெரியர். அந்தத் தொழில் போனதும் அவற்றில் பல அருகிவிட்டன. ஸ்கை டெரியர், சீலிஹாம் டெரியர், டாண்டி டின்மாண்ட் டெரியர் ஆகியவை, ஆண்டுக்கு 300 குட்டிகள்கூடப் பதிவாகாத இனங்களின் பட்டியலில் வந்துவிட்டன. பரிசும் பட்டயமும் இருந்தும் இந்த நிலை. நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

அவர்களுக்குக் கணக்கேடாவது இருந்தது. எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று நான்கைந்து தலைமுறை எழுதி வைத்தார்கள். நம்மிடம் அது கிடைக்காரரின் நினைவில் மட்டும் இருந்தது. அவர் போனால் கணக்கும் போச்சு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் கோம்பையைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அரசு மதிப்பு மெதுவாகத்தான் வந்தது. 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. நம் பக்கத்திலிருந்து ராஜபாளையம் மட்டும் இடம்பெற்றது. 2020-இல் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முதலாக மூன்று நாயினங்களைப் பதிவு செய்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் என்ற அம்மூன்றில் கோம்பை இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் கோம்பையின் பெயரையும் சொன்னார். அதற்கு முன்பே, 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு மாடு, நாட்டு நாய் என்று இளைஞர்களிடம் ஓர் ஆர்வம் கிளம்பியிருந்தது. இரண்டும் சேர்ந்து கோம்பைக் குட்டிக்குக் கிராக்கி ஏற்பட்டது.

கிராக்கி வந்ததும் கலப்பும் வந்தது. செவலை நிறமும் கருமூஞ்சியும் இருந்தால் போதும், "ஒரிஜினல் கோம்பை" என்று விற்கிறார்கள். இன்னொரு பக்கம், சுத்தம் என்ற பெயரில் உடன்பிறந்தவற்றையே சேர்த்துவிடுகிறார்கள். நெருங்கிய இரத்தத்தில் சேர்த்தால் மறைந்திருக்கும் குறை வெளியே வரும். வெள்ளை நிறத்தையே தேர்ந்து வளர்த்த ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது பலரும் அறிந்தது. நிறத்தைப் பார்த்து குணத்தை விட்டால் இதுதான் கதி.

தொழில் போன வழி

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. சமணன் என்ற முறையில் அதை வரவேற்கிறேன். ஆனால் அடுத்தடுத்துக் காவல் தொழிலும் சுருங்கிவிட்டது. மேய்ச்சல் காடு குறைந்தது. மலைமாட்டுக் கிடைகள் குறைந்தன. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. 2022-இல் காட்டு மேய்ச்சலுக்கு உயர்நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. புலிக்கும் காடு வேண்டும், மாட்டுக்கும் புல் வேண்டும். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? கிடை இல்லாத ஊரில் கிடை நாய் எதற்கு என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

அரசும் ஒரு வழி பார்த்தது. சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நாயினப் பெருக்கப் பிரிவு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியது. அங்கே நாய்கள் சரிவரப் பராமரிக்கப்படவில்லை என்று விலங்குநல ஆர்வலர்கள் வழக்குத் தொடுக்க, 2016-இல் அதை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கூண்டுக்குள் இனம் பெருகலாம், குணம் பெருகாது.

குட்டி யாருக்கு?

பெட்டை சினைப்பட்டால் ஏறக்குறைய 63 நாளில் ஈனும். குட்டிகள் கண் திறக்கப் பத்துப் பதினைந்து நாள். அதன்பின் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு கடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்ளும். 20, 30 நாளில் பிரித்து விற்றால் அந்தப் படிப்பு பாதியில் நின்றுபோகும். பிறகு "கோம்பை ரொம்பக் கோபக்கார நாய்" என்று பழி நாயின் மேல் விழும். 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட நாய் வளர்ப்பு விதிகள் 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. 18 மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. வளர்ப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். நல்ல விதிகள். கடைப்பிடிப்பவர் எத்தனை பேர் என்று வாங்குகிறவர்தாம் கேட்க வேண்டும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடும் கொடுமையும் நம் ஊர்களில் பழைய வழக்கம். பெட்டையை எறிந்துவிட்டு இனத்தைக் காப்பாற்றுவது எப்படி?

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996-இல் நண்பர் ஒருவருக்காக, மேலே சொன்ன அந்தப் பெரியவரிடம் குட்டி கேட்டேன். அவர் விலை பேசவில்லை. நாலு கேள்வி கேட்டார். "வீட்டுல பகல்ல ஆளு இருக்குமா? எடம் எவ்வளவு? சங்கிலி போடுவாகளா? வீட்டுப் பிள்ளைகளுக்கு நாயின்னா பயமா?" நண்பரின் வீடு பாலக்காட்டுக் கடைத்தெருவை ஒட்டிய ஒடுங்கின வீடு. நான், "தோட்டம் இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். பொய்யாமை எங்கள் அணுவிரதம் ஐந்தில் ஒன்று. ஒரு நாய்க்குட்டிக்காக அதை உடைத்தேன். ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு குட்டியைக் கையில் கொடுத்தார்.

அது வளர்ந்தது. வாசலில் இரண்டு முழச் சங்கிலியில் கிடந்தது. போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைத்தது. காவல் காக்கப் பிறந்ததற்குத் தெருவே கிடையாகத் தெரிந்திருக்கும். மூன்றாம் ஆண்டு பால்காரரைக் கடித்துவிட்டது. நண்பர் அதை ஒரு லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எவருக்கும் தெரியாது. நான் அடுத்த முறை கோம்பைக்குப் போனபோது பெரியவர் முதல் கேள்வியாக, "குட்டி நல்லாருக்காய்யா?" என்று கேட்டார். "நல்லா இருக்குங்க" என்றேன். இரண்டாவது பொய். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அடுத்த ஆண்டு போனபோது அவர் இல்லை. தொழுவமும் காலியாகக் கிடந்தது.

அன்றிலிருந்துதான் இந்த நாயின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் எனக்குப் பட்டது ஒன்றே. ஓர் இனத்தைக் காப்பாற்றியது பரிசுக் கோப்பையும் இல்லை, தபால்தலையும் இல்லை. அந்தப் பெரியவரின் நாலு கேள்விதான். கேட்டுக் கொடுத்தவர்களும் மெய் சொல்லி வாங்கியவர்களும் இருந்தவரை கோம்பை இருந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் இப்போது நாட்டு நாய் வேண்டும் என்கிறார்கள். தமிழ்ப் பற்றுதான்; தப்பில்லை. ஆனால் அடுக்குமாடி மூன்றாவது மாடியில் பகலெல்லாம் பூட்டின கதவுக்குப் பின்னால் கோம்பையை வைப்பது பற்று ஆகாது. தோட்டமும் மாடும் வைத்திருப்பவர்கள் வளர்க்கட்டும். பாலக்காட்டுக் கிழக்கிலும் இடுக்கி மலையிலும் பன்றிக்கும் யானைக்கும் பயந்து இரவெல்லாம் விழித்திருக்கும் குடியானவர்கள் எத்தனையோ பேர். வருவதை முன்கூட்டி அறிந்து குரல் கொடுக்க அங்கே இந்த நாய்க்கு இன்னும் வேலை இருக்கிறது. குட்டி வாங்கப் போகும்போது தாயைக் காட்டச் சொல்லுங்கள், வயதைக் கேளுங்கள், பெட்டைக் குட்டியைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை மட்டும் எண்ணினால் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுங்கள். கேட்டால், மெய்யைச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.