நடுவில் ஊர்கள் உள்ள பயணம்



"சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் வந்தபிறகும் ஏன் சார் ரயிலிலேயே போகிறீர்கள்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாறாகத்தானே வரும்!

நம் விருத்தாசலம் வழியாகப் போகும் பாதையே நேரத்தை மிச்சம் பிடிக்கப் போட்டதுதான். அதற்கு முன் திருச்சிக்கு மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிப் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து குறுக்கே 1927-29இல் 'கார்டு லைன்' போட்டார்கள். சுமார் 60 கிலோமீட்டர் குறைந்தது. ஆனால் குறுக்கு வழியானாலும் ரயில் தரையில்தானே போகவேண்டும்? அதனால் விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர் எல்லாம் அதன் வழியில் வந்தன. கடலூருக்கும் சேலத்துக்கும் பாதை பிரியும் ஜங்ஷன் ஆனோம். விமானத்தின் குறுக்கு வழியில் நடுவில் ஒரு ஊரும் கிடையாது.

இந்தப் பாதையில் துயரமும் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, நம் ஸ்டேஷனைக் கடந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வகுப்பில் இதைச் சொல்லும்போது நீங்கள் எல்லோரும் அமைதியானது இன்னும் நினைவிருக்கிறது.

1977 ஆகஸ்ட் 15இல் வைகை எக்ஸ்பிரஸ் வந்தது. மீட்டர் கேஜ் காலத்திலேயே பகலில் மதுரை போய்ச் சேரலாம் என்றானது. இன்றும் அது நம் ஊரில் நின்று போகிறது. நம் செராமிக் பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறலாம். வெள்ளாறு வரும், கொள்ளிடம் வரும், ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரியும். எதிர் சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்பார்.

என் கவலை விமானத்தைப் பற்றியது அல்ல. ரயிலும் விமானம்போல ஆகிவருகிறது. 2019இல் தேஜஸ் தொடங்கியபோது, சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே நின்றது திருச்சியிலும் கொடைரோட்டிலும் மட்டுமே. வேகம் வேண்டியதுதான். ஆனால் நிற்காத ரயில், நடுவில் இருக்கும் ஊருக்கு வெறும் சத்தம்தான்.

அடுத்த முறை மதுரைப் பக்கம் போகும்போது பகல் ரயிலில் போங்கள். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மருதையாறு வந்ததும் 1956ஐச் சொல்லுங்கள்.