பொருளறியாது பாடிய பாட்டு

இலத்தீன் பூசை கண்டு வளர்ந்த தலைமுறை நம்மிடையே அருகி வருகிறது. அத்தலைமுறையைச் சேர்ந்த ஒருவரிடம், அந்நாளில் பாடிய பாடல்களுள் இன்றும் நெஞ்சை விட்டு அகலாதது எது என்று கேட்டுப் பாருங்கள். 'தாந்தும் எர்கோ' என்று பலர் தயங்காமல் சொல்வர். அதன் பொருள் யாது என்று அடுத்துக் கேட்டால் ஒரு புன்னகையே விடையாகக் கிடைக்கும். நாமும் நெடுங்காலம் அவ்வாறு புன்னகைத்தவர்களே.

1950களில் எங்கள் பங்கில் மாத முதல் வெள்ளிக்கிழமையன்றும் ஞாயிறு மாலைகளிலும் நற்கருணை ஆசீர் நடைபெறும். பீடத்தின்மீது கதிர்ப்பாத்திரம், இருபுறமும் மெழுகுதிரிகள், கோவில் முழுவதும் சாம்பிராணிப் புகை. உபதேசியார் ஆர்மோனியத்தில் கட்டையைப் பிடித்ததும், அதுவரை செபமாலை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாடத் தொடங்குவர். செபப் புத்தகத்தில் இலத்தீன் பாட்டு தமிழ் எழுத்தில் அச்சிடப்பெற்றிருக்கும். படிக்கத் தெரிந்தவர் அதைப் பார்த்துப் பாடினர். தெரியாதவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுப் பாடினர். முதற் பத்தியில் ஓரிடம் வந்ததும் கோவிலே ஒருசேரத் தலைதாழ்த்தும். இரண்டாம் பத்தி தொடங்குகையில் குருவானவர் தூபக்கலசத்தைக் கையில் எடுப்பார்.

எங்கள் அப்பாயி எழுத்தறியாதவர். ஆயினும் ஓர் அசைகூட விடாமல் பாடுவார். அப்பாட்டில் 'ஃபீதெஸ்' என்று ஒரு சொல் வரும். எங்கள் ஊர் வாயில் அது 'பீதெஸ்' ஆயிற்று. அப்பாயியோ, பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டுப் பழகிய 'பீதி' என்னும் சொல்லே அது என்று கொண்டுவிட்டார். "அந்த எடத்துல ஆண்டவருக்குப் பயப்படணும்னு வருது" என்று சிறுவர்களாகிய நமக்கு விளக்கமும் சொல்வார். நாமும் அந்த இடம் வரும்போதெல்லாம் பயந்தோம்.

அச்சொல்லின் வரலாறு நம்மை 13ஆம் நூற்றாண்டுக்கு அழைத்துச் செல்கிறது. இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள லியேஜ் நகரத்தருகே புனித ஜூலியானா என்னும் கன்னியர் வாழ்ந்தார். முழுநிலவின் குறுக்கே ஒரு கரிய கோடு ஓடுவதாக அவர் காட்சி கண்டார். திருச்சபையின் ஆண்டு வட்டத்தில் நற்கருணைக்கென ஒரு திருநாள் இல்லாத குறையே அக்கோடு என்று அவர் பொருள் கொண்டார். 1246இல் லியேஜ் ஆயர் தம் மறைமாவட்டத்தில் அத்திருநாளை ஏற்படுத்தினார். அதே லியேஜில் முன்பு தலைமைத் துணைத்தொண்டராகப் பணியாற்றியவர் பின்னாளில் நான்காம் உர்பான் என்னும் பெயருடன் திருத்தந்தையானார். 1264இல் அவர் திருநாளை அனைத்துலகத் திருச்சபைக்கும் உரியதாக்கினார். அதற்கான பாடல்களையும் செபங்களையும் இயற்றும் பொறுப்பு புனித தோமா அக்குவினாஸ் என்னும் தொமினிக்கன் துறவியிடம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருத்தந்தை காலமானதால் திருநாள் பரவுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று என்பது தனிக்கதை. பாட்டு நிலைத்துவிட்டது. 'பாஞ்சே லிங்குவா' எனத் தொடங்கும் ஆறு பத்திகளின் இறுதி இரண்டே நாம் பாடிய 'தாந்தும் எர்கோ'. ஆறு பத்திகளையும் பெரிய வியாழனன்று நற்கருணைப் பவனியில் பாடுவது மரபு.

அக்குவினாஸ் இப்பாட்டை வெறும் நிலத்தில் எழுப்பவில்லை. அவருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன், திருச்சிலுவையின் துண்டு ஒன்று கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து பிரான்சின் புவாத்தியே நகரத்துக் கன்னியர் மடத்துக்கு வந்தபோது, வெனான்சியுஸ் ஃபொர்த்துனாத்துஸ் என்னும் கவிஞர் பாடிய பாட்டும் அதே தொடக்கச் சொற்களைக் கொண்டது. யாப்பும் அதுவே. அந்த யாப்போ அதனினும் பழையது. வெற்றி ஊர்வலங்களில் உரோமைப் படைவீரர் தம் தளபதியைக் கேலி பேசிக்கொண்டே நடந்த நடைப்பாட்டின் யாப்பு அது. ஜூலியஸ் சீசரையும் அவருடைய வீரர்கள் அந்தச் சந்தத்திலேயே எள்ளிப் பாடினர். தெருவில் பிறந்த சந்தம் பீடத்தின்முன் வந்து மண்டியிட்டது. கும்மியிலும் சிந்திலும் ஞானப்பாட்டுக் கட்டிய புலவர்களைப் பெற்ற நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. அச்சந்தத்தோடு அக்குவினாஸ் அடிதோறும் இயைபுத் தொடையைச் சேர்த்தார். எழுத்தறியாதவரின் நாவிலும் அது வழுக்காமல் நின்றதற்கு இந்த இயைபும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

இசையைப் பற்றி ஒரு சொல். எங்கள் உபதேசியார் பாடியது உரோமைய கிரகோரியன் மெட்டு. அது மூன்றாம் பண்முறையைச் சேர்ந்தது. அதன் சுரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் நம் தோடி இராகத்தின் சுரங்களே வந்து நிற்கும். ஆனால் தோடியின் உயிராகிய கமகம் அதில் இல்லையாதலால் அதைத் தோடி என்று சொல்லிவிட முடியாது. உபதேசியார் மட்டும் தம்மையறியாமல் ஓரிரண்டு அசைவுகளைக் கொடுத்துவிடுவார். அதற்காக யாரும் அவரைக் கண்டித்ததாக நினைவில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். இவ்வருட்சாதனத்தைத் தலைதாழ்ந்து வணங்குவோம், பழைய முறை புதிய வழிபாட்டுக்கு இடம்விடட்டும், ஐம்புலன்களுக்கு எட்டாததை விசுவாசம் ஈடுசெய்யட்டும் என்பதே முதற் பத்தியின் கருத்து. இரண்டாம் பத்தி மூவொரு இறைவனுக்குப் புகழுரை. எழுதியவர் யார் என்பதை நினைத்தால் இதன் ஆழம் தெரியும். மனித அறிவு புலன்களிலிருந்தே தொடங்குகிறது என்பது அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலிடம் கற்று வாழ்நாளெல்லாம் வாதிட்டு நிறுவிய கொள்கை. அத்தகைய மெய்யியல் அறிஞர், தம் வாதங்களையெல்லாம் பீடத்துக்கு வெளியே விட்டுவிட்டு, கண்ணும் கையும் நாவும் இங்கே போதா என்று மக்கள் வாயில் ஒரு பாட்டை வைத்தார்.

'ஃபீதெஸ்' என்றால் பீதியன்று, விசுவாசம். கோவிலே தலைதாழ்த்திய அந்த இடத்தின் இலத்தீன் சொல்லுக்கும் தலைதாழ்ந்து என்பதே பொருள். அப்பாயி ஒரு சொல்லுக்குத் தவறான பொருள் கொண்டிருந்தார். இன்னொரு சொல்லின் பொருளைக் கழுத்தாலும் முதுகாலும் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதனால் இலத்தீன் மொழிக்காகக் கண்ணீர் வடிப்போரோடு நாம் சேர்ந்துகொள்வதாக வாசகர் எண்ணிவிடக் கூடாது. இரண்டே பத்திகள். பத்து நிமிடப் பிரசங்கம் ஒன்றில் விளக்கிவிடலாம். அதைக்கூட எங்கள் பங்கில் எவரும் செய்யவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு தாய்மொழிக்குக் கதவைத் திறந்தபோது, அப்பாயி போன்றோருக்குச் செலுத்த வேண்டியிருந்த கடனையே அது செலுத்தத் தொடங்கிற்று என்று நாம் கருதுகிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமைப் பங்கு ஒன்றில் இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றிய நாள் 1965 மார்ச் 7. அக்குவினாஸ் இறந்த நாளும் மார்ச் 7தான். அந்நாளில் அவருடைய திருநாளும் அதுவே. பழையது புதியதற்கு இடம்விடட்டும் என்று பாடியவரின் திருநாளில் இது நிகழ்ந்தது.

ஆனால் அதே சங்கம், மக்கள் தமக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் பாட அறிந்திருக்க வேண்டும் என்று சொன்னதை நாம் வசதியாக மறந்தோம். 1974இல் ஆறாம் பவுல் எளிய இலத்தீன் பாடல்களின் சிறு தொகுப்பு ஒன்றை உலக ஆயர்களுக்கு அனுப்பினார். அதில் 'தாந்தும் எர்கோ'வும் உண்டு. அதை விரித்துப் பார்த்த பங்குகள் எத்தனையோ! இன்று ஒவ்வொரு சொல்லும் விளங்கும் பாடல்களே நமக்கு வாய்த்துள்ளன. ஆனால் பாடகர் குழுவும் மின்னிசைக் கருவியும் பாட, மக்கள் நின்று கேட்கும் ஞாயிறுகளும் உண்டு.

இலத்தீன் மெட்டிலேயே அமைந்த தமிழ் வடிவம் எங்கள் பங்குக்கு வந்த காலத்தில் அப்பாயிக்குப் புரை முற்றிப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. கதிர்ப்பாத்திரம் அவருக்கு ஒரு மங்கிய மஞ்சள் ஒளி மட்டுமே. பாட்டு அச்சிட்ட தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, திண்ணையில் அமர்ந்து அவருக்குப் படித்துக் காட்டினோம். புலன்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"புலன்னா?"

கண், காது, மூக்கு, நாக்கு, மேனி என்று விளக்கினோம். அவற்றால் ஆகாததை விசுவாசம் செய்யும் என்பதுதான் அந்த இடத்தின் பொருள் என்றும் சொன்னோம்.

"அப்ப பயம் இல்லையா?"

"இல்லை அப்பாயி, விசுவாசம்."

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "முந்தியே யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார். அக்குரலில் கோபம் இருந்ததா, ஏக்கம் இருந்ததா என்று அன்று நமக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை கோவில் முழுவதும் தமிழில் பாடிற்று. அப்பாயி மட்டும் இலத்தீனிலேயே பாடினார். மெட்டு ஒன்றாதலால் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. தலைதாழ்த்தும் இடம் வந்தபோது எல்லாரும் தாழ்த்தினர், அவரும் தாழ்த்தினார். அந்த ஒரு சொல் வந்தபோது அவர் 'பீதெஸ்' என்றாரா, 'விசுவாசம்' என்றாரா என்று அருகிலேயே இருந்து செவிசாய்த்தோம். இத்தனை குரல்களுக்கிடையே நமக்குக் கேட்கவில்லை.